பழைய நிரல் கைக்கு வந்தால்: மொழிக்கு முன்னால் தரவைப் படியுங்கள்

கேள்வி இதுதான்: நிரலாளர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கோபோல், ஃபோர்ட்ரான், விபி6 (விஷுவல் பேசிக் 6) போன்ற பழைய நிரல்மொழிகளுக்குப் போய்விடுகிறது. "கோபோலைக் கற்க ஒரு மாதம் போதும், எல்லாவற்றையும் ஜாவாவில் எழுதிவிட்டால் தலைவலி தீர்ந்தது" என்கிறார் ஒருவர். "ஓடுற வரைக்கும் ஓடட்டும், கை வைக்காதே" என்கிறார் இன்னொருவர். இதில் எது சரி? அப்படியொரு நிரல் நம் பொறுப்பில் வந்தால் எங்கே தொடங்குவது, எங்கே கால் இடறும்?

ஒரு மாதக் கணக்கு சரியானதுதான், ஆனால் அது மொழிக்கு மட்டும் பொருந்தும். ஜாவாவோ பைத்தானோ தெரிந்தவர் இரண்டு மூன்று வாரத்தில் கோபோல் நிரலை வாசித்துப் புரிந்துகொள்ளலாம். சிக்கல் இருப்பது வேறு மூன்று இடங்களில்: கோப்பில் பைட் பைட்டாகத் தரவு எப்படி அமர்ந்திருக்கிறது, கணக்கில் தசமம் எப்படி வெட்டப்படுகிறது, இரவு ஓடும் பேட்ச் வேலைகள் (ஆள் தலையிடாமல் வரிசையாக ஓடும் நிரல்கள்) ஒன்றையொன்று எப்படி நம்பியிருக்கின்றன. இந்த மூன்றும் மொழிப் பாடநூலில் இருக்காது. மாற்றி எழுதும் திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் "பழையது" என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். கோபோல் 1959-ல் வணிக நிரலுக்கான பொதுமொழியை வகுத்த கோடசில் குழுவில் உருவானது. கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் மொழி அதன் முக்கிய மூலம். ஃபோர்ட்ரான் 1957-ல் ஜான் பேக்கஸ் குழு ஐபிஎம் 704 கணினிக்காக வெளியிட்டது. ஆனால் இரண்டுக்கும் 2023-ல் புதிய ஐஎஸ்ஓ தரநிலை வந்திருக்கிறது. ஆதரவுள்ள கம்பைலர்கள் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் மென்பொருள்) இருக்கின்றன. மாறாக, 1998-ல் வந்த விஷுவல் பேசிக் 6-இன் உருவாக்கச் சூழலுக்கு ஆதரவு 2008-லேயே முடிந்துவிட்டது. வயதைப் பார்த்தால் விபி6 இளையது. ஆபத்தைப் பார்த்தால் அதுதான் மூத்தது. ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இன்றைக்கு ஒரு புதுக் கணினியை வைத்து, மூல நிரலிலிருந்து இதை மறுபடி கம்பைல் செய்து, அதே விடையைப் பெற முடியுமா? முடியும் என்றால் அது வயதான நிரல், அவ்வளவுதான். முடியாது என்றால், எந்த ஆண்டில் எழுதியதாக இருந்தாலும், அது அபாயத்தில் இருக்கிறது.

கோபோலைத் திறந்ததும் முதலில் கண்ணில் படவேண்டியது பத்திக் கணக்கு, அதாவது வரியில் எந்த எழுத்து எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது. 80 பத்தித் துளையட்டையின் அமைப்பு இன்றும் நிலையான வடிவ நிரலில் உயிரோடிருக்கிறது. 1 முதல் 6 வரை வரிசை எண். 7-வது பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வரி குறிப்புரை. சிறுகோடு இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி. 8 முதல் 11 வரை ஏ பகுதி. பாராகிராஃப் (பெயரிட்ட கட்டளைத் தொகுதி) தலைப்பும் தரவின் 01 நிலை அறிவிப்பும் அங்கே தொடங்க வேண்டும். 12 முதல் 72 வரை பி பகுதி, கட்டளைகள். 73 முதல் 80 வரை கம்பைலர் பார்க்கவே பார்க்காது. புதிய எடிட்டரில் ஒரு வரியை நீட்டி எழுதி, முற்றுப்புள்ளி 73-வது பத்தியில் விழுந்தால் அது இல்லாததற்குச் சமம். பெரும்பாலான நேரம் பிழைச் செய்தியும் வராது. நிரலின் தர்க்கம் மட்டும் மாறிப்போகும். எடிட்டரில் 72-ல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு வையுங்கள், டேப்பை இடைவெளியாக மாற்றும் அமைப்பையும் போட்டு வையுங்கள். வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

அந்த முற்றுப்புள்ளியைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1985 தரநிலைக்கு முன் எழுதிய நிரலில் இஃப் கட்டளையை முடிப்பது முற்றுப்புள்ளி மட்டுமே. எண்ட்-இஃப் பின்னால் வந்தது. ஆகவே ஒரே நிரலில் இரண்டு பாணியும் கலந்திருக்கும். கலப்பின் மோசமான விளைவு நெக்ஸ்ட் சென்டென்ஸ் என்ற கட்டளையில் தெரியும். வாசிப்பவர் அதைக் கண்டின்யூ போல "ஒன்றும் செய்யாதே" என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அது அடுத்த முற்றுப்புள்ளியைத் தாண்டிக் குதிக்கிறது. எண்ட்-இஃப் போட்டு, அதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லாமல் மேலும் ஐந்து கட்டளைகள் இருந்தால், அந்த ஐந்தும் சேர்ந்தே தாண்டப்படும். யாரோ "அழகுபடுத்த" முற்றுப்புள்ளிகளை நீக்கிய நிரலில் இதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

இனி தரவு. இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

ஒரு தொகைப் புலம் "பிக் எஸ்9(5)வி99 காம்ப்-3" என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ் என்றால் கூட்டல் கழித்தல் குறி உண்டு. 9(5) என்றால் ஐந்து இலக்கம். வி என்பது தசமப்புள்ளி இருக்கும் இடம். ஆனால் அந்தப் புள்ளி எங்கும் எழுதப்படுவதில்லை, நிரலின் மனதில் மட்டும் இருக்கிறது. காம்ப்-3 என்பது பேக்ட் டெசிமல்: ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி. ஏழு இலக்கமும் ஒரு குறியும் சேர்ந்து எட்டு அரை பைட், அதாவது நான்கு பைட். +12345.67 என்ற தொகை கோப்பில் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களாக 12 34 56 7சி என்று இருக்கும். கழித்தல் தொகையானால் கடைசி பைட் 7டி. குறியில்லாத புலமானால் 7எஃப். இந்தக் கணக்கைக் கையால் பத்துப் புலங்களுக்குப் போட்டுப் பழகுங்கள். காப்பிபுக்கை (புலங்களின் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) பார்த்தவுடன் ரெக்கார்டின் (ஒரு பதிவின்) நீளத்தைச் சொல்லவும், கோப்பின் நீளத்தோடு ஒப்பிடவும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பைனரி புலமான காம்ப்புக்கு ஐபிஎம் கணக்கு வேறு: 1 முதல் 4 இலக்கம் வரை 2 பைட், 9 வரை 4 பைட், 18 வரை 8 பைட்.

காம்ப் என்ற சொல்லே இல்லாத எண் புலம் ஸோன்ட் டெசிமல்: ஒரு பைட்டில் ஒரு இலக்கம். மெயின்ஃப்ரேமின் (ஐபிஎம் பெருங்கணினி) எப்சிடிக் எழுத்துக்குறியில் 0 முதல் 9 வரை ஹெக்ஸ் எஃப்0 முதல் எஃப்9. குறி கடைசி இலக்கத்தின் மேல் பாதியில் ஏறிக்கொள்ளும்: கூட்டலுக்கு சி, கழித்தலுக்கு டி. அதனால் +123 திரையில் "12சி" என்று தெரியும். -123 என்பது "12எல்". -120 என்பது 12-க்குப் பின் ஒரு மூடும் நெளிவு அடைப்புக்குறி. கோப்பைத் திறந்து பார்ப்பவர் "தரவு கெட்டுவிட்டது" என்று பதறுவது இந்த எழுத்துகளைக் கண்டுதான். தரவு கெடவில்லை, கழித்தல் குறி அங்கே இருக்கிறது.

உண்மையில் தரவு கெடும் இடம் கோப்பு மாற்றம். எப்டிபி வழியாக எழுத்து முறையில் கோப்பை இறக்கினால், எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு (மற்ற கணினிகளின் எழுத்துக்குறி) ஒவ்வொரு பைட்டும் மொழிபெயர்க்கப்படும். பெயர், முகவரிப் புலங்களுக்கு அது நல்லது. பேக்ட் புலத்துக்கு அது நஞ்சு. எப்சிடிக்கில் இடைவெளி ஹெக்ஸ் 40, ஆஸ்கியில் 20. ஆகவே தொகையின் நடுவே 40 என்ற இரண்டு இலக்கம் இருந்தால் அது சத்தமில்லாமல் 20 ஆகிவிடும். எப்சிடிக் 25 என்பது வரி முறிவு. அது ஆஸ்கியில் 0ஏ ஆகும். ரெக்கார்டு பாதியில் உடைந்து இரண்டு வரியாகும். மேலே சொன்ன 12345.67-இன் கடைசி பைட் 7சி எப்சிடிக்கில் "அட்" குறி. ஆஸ்கிக்குப் போனால் 40. குறி இருந்த இடத்தில் பூஜ்யம், செல்லாத எண். இதில் கொடுமை என்னவென்றால் பல தொகைகள் நம்பும்படியான தோற்றத்திலேயே மாறியிருக்கும். போன மூலப் பைட்டை ஒவ்வொரு இடத்திலும் திரும்பப் பெறவும் முடியாது.

ஆகவே விதி: எப்போதும் பைனரி முறையில் இறக்குங்கள், புலம் புலமாக மாற்றுங்கள். எழுத்துப் புலத்துக்கு மட்டும் எழுத்துக்குறி மாற்றம். பேக்ட் புலத்தை அரை பைட்டாகப் பிரித்து எண்ணாக்குங்கள். பைனரி புலத்தில் உயர்மதிப்புப் பைட் முன்னால் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எந்த எப்சிடிக் என்பதையும் கேளுங்கள், அதில் குறிப்பக்கம் எனப்படும் பல வகை உண்டு: 037 பக்கத்தில் திறக்கும் சதுர அடைப்பு பிஏ, 1047 பக்கத்தில் ஏடி. நீளம் மாறும் ரெக்கார்டானால் ஒவ்வொன்றின் முன்னும் நான்கு பைட் தலைப்பு உண்டு. முதல் இரண்டு பைட் நீளம், அந்த நான்கையும் சேர்த்தே எண்ணப்பட்டது. சில பரிமாற்ற முறைகள் இந்தத் தலைப்பை உரித்துவிடும். உரித்துவிட்டால் ரெக்கார்டு எங்கே முடிகிறது என்பதைச் சொல்ல ஆளில்லை.

ரீடிஃபைன்ஸ் இதைவிடத் தந்திரமானது. ஒரே பைட்டுகளுக்கு இரண்டு மூன்று வடிவங்கள். ரெக்கார்டின் முதல் எழுத்து 'ஏ' என்றால் முதல் வடிவம், 'பி' என்றால் இரண்டாவது. எந்த எழுத்துக்கு எந்த வடிவம் என்பது காப்பிபுக்கில் எழுதியிருக்காது. அது செயல்பகுதிக் கட்டளைகளுக்குள், எங்கோ ஒரு இஃப்-இல் புதைந்திருக்கும். தரவுத்தள அட்டவணையாக மாற்றும் கருவிகள் காப்பிபுக்கை மட்டும் படிப்பதால் இங்கே தவறான பத்திகளை உருவாக்கித் தரும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும், வேறு வழியில்லை.

எஸ்0சி7, பேச்சு வழக்கில் "சாக் செவன்", நள்ளிரவில் பேட்ச் வேலை நிற்கும்போது அதிகம் கேட்கும் பிழைக் குறியீடு. எண் என்று நினைத்த புலத்தில் எண் இல்லை என்று பொருள். காரணங்களில் அடிக்கடி வருவது ஒன்று: யாரோ ஒரு குழுப் புலத்துக்கு (பல புலங்கள் சேர்ந்த தொகுதி) மூவ் ஸ்பேசஸ், அதாவது இடைவெளியால் நிரப்பு என்று போட்டிருப்பார்கள். குழுவை நகர்த்துவது வெறும் பைட் நகல். உள்ளே காம்ப்-3 புலம் இருப்பதைக் கோபோல் பொருட்படுத்தாது. எல்லா பைட்டும் 40 ஆகும், கடைசி அரை பைட்டில் 0, அது செல்லாத குறி. அடுத்த கூட்டலில் நிரல் விழும். மூவ் ஸ்பேசஸுக்குப் பதில் இனிஷியலைஸ் போட்டால் ஒவ்வொரு புலமும் அதன் வகைக்கேற்ப நிரம்பும். இரண்டாவது காரணம், புதிதாகச் சேர்த்த ஒரு புலத்தால் ரெக்கார்டு நீண்டு, பழைய காப்பிபுக்கோடு கம்பைல் செய்த ஒரு நிரல் மட்டும் மீண்டும் கம்பைல் செய்யப்படாமல் விடுபட்டிருப்பது. டம்ப்பில் (நிரல் விழுந்த நேரத்து நினைவக நகல்) அந்தப் புலத்தின் பைட்டுகளைக் கண்டுபிடித்து ஹெக்ஸில் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்: 40 40 40 40 என்றால் முதல் காரணம், இடம் தள்ளிப்போன எழுத்துகள் தெரிந்தால் இரண்டாவது.

அடுத்தது கணக்கு. 1234.56-க்கு 7.25 சதவீதம் 89.5056. இரண்டு தசமப் புலத்தில் போட்டால் கோபோல் தரும் விடை 89.50. ரவுண்டட் என்று எழுதியிருந்தால் மட்டுமே 89.51. எழுதாவிட்டால் வெட்டுதான் இயல்பு. ஜாவாவில் மாற்றி எழுதுபவர் வழக்கம்போல் "அரைக்கு மேல் ஏற்று" என்று எழுதினால் விடை வேறாகும். கடைசியில் வெட்டப்படும் இலக்கங்கள் சீராகப் பரவியிருக்கின்றன என்று கொண்டால், ஒரு கணக்குக்குச் சராசரியாக 0.005 வித்தியாசம், 10 லட்சம் கணக்குக்கு ஒரே ரன்னில் 5000. அதைத் தணிக்கையாளர் கேட்பார். ஆகவே ஜாவாவில் பிக்டெசிமல், ரவுண்டட் இல்லாத இடத்தில் டவுன், இருக்கும் இடத்தில் ஹாஃப்-அப். பைத்தானின் டெசிமல் நூலகம் சும்மா விட்டால் இரட்டைப்படைக்குச் சாயும் முறையைப் பயன்படுத்தும். அதை வெளிப்படையாக மாற்ற வேண்டும். டபுள் வகையைப் பணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது, 0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது என்பதுதான் காரணம்.

வெட்டு மேல் பக்கத்திலும் நடக்கும். பிக் 9(3) புலத்துக்கு 1000-ஐ நகர்த்தினால் 000 நிற்கும். கூட்டலில் இப்படி நிரம்பி வழிந்தால், ஆன் சைஸ் எரர் (வழிந்தால் என்ன செய்வது என்ற பகுதி) எழுதாத இடத்தில் விடை என்ன என்று தரநிலை வரையறுக்கவில்லை. கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம். இன்னொன்று: பிக் எஸ்9(4) காம்ப் இரண்டு பைட், 32767 வரை கொள்ளும், ஆனால் ஐபிஎம் கம்பைலரில் ட்ரங்க் தேர்வு "எஸ்டிடி" என்றால் 9999-க்கு மேல் வெட்டப்படும், "பின்" (பைனரி) என்றால் வெட்டப்படாது. இந்தத் தேர்வு மூல நிரலில் இல்லாமல், கம்பைல் செய்யும் ஜேசிஎல்லிலோ (மெயின்ஃப்ரேமில் வேலைகளை ஓட்டும் கட்டளைக் கோப்பு) நிறுவல் அமைப்பிலோ இருக்கலாம். மூல நிரலை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவது ஆகாது என்று சொல்வது இதனால்தான். கம்பைல் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எல்லாத் தேர்வுகளும் அச்சாகியிருக்கும்.

பலருக்குத் தெரியாத பொறி இடைநிலை விடை. எல்லாமே முழு எண் புலங்களாக இருக்க, 1-ஐ 3-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கி ஒரே கம்ப்யூட் கட்டளையில் எழுதினால் ஐபிஎம் கம்பைலர் தரும் விடை 0. வகுத்தலின் விடைக்கு எத்தனை தசமம் வைப்பது என்பதை அது புலங்களின் அறிவிப்பிலிருந்து முடிவுசெய்கிறது. இங்கே எதற்கும் தசமம் இல்லை. பெருக்கலை முன்னே போட்டால் 33. இலவசக் கம்பைலரான குனூகோபோல் இடைநிலை விடையை அதிகத் துல்லியத்தோடு வைத்திருப்பதால் முதல் வடிவத்திலேயே 33 வரும். எது "சரி" என்பதைப் பற்றி இங்கே வாதிட வேண்டாம். இருபது ஆண்டாக வெளியே போன அறிக்கைகளில் எந்த எண் இருந்ததோ அதுதான் ஒப்பிட வேண்டிய எண்.

பழகிப் பார்க்க குனூகோபோல் நல்ல தேர்வு. கோபோலைச் சி நிரலாக மாற்றி, பின் சி கம்பைலரிடம் கொடுக்கும். ஐபிஎம் வழக்கத்தைப் பின்பற்றும் தரநிலைத் தேர்வோடும், ஓடும்போதே எல்லை, எண் வகை எல்லாவற்றையும் சோதிக்கும் டீபக் தேர்வோடும் கம்பைல் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: ஸோன்ட் புலத்தின் கழித்தல் குறிக்கு அது இயல்பாக ஆஸ்கி முறையை எதிர்பார்க்கும். அதாவது -123 என்பது "12" உடன் சிறிய எழுத்து "எஸ்". மெயின்ஃப்ரேமிலிருந்து வந்த "12எல்" அதற்குப் புரியாது. குறி முறையை எப்சிடிக் என்று மாற்றும் தேர்வு தனியே உண்டு.

வரிசைப்படுத்துதலும் மாறும். எப்சிடிக்கில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம் என்ற வரிசை. ஆஸ்கியில் இலக்கம், பெரிய எழுத்து, சிறிய எழுத்து. மூலக் கோப்பையும் பரிமாற்றக் கோப்பையும் சாவி வாரியாக ஒப்பிட்டுக்கொண்டே நகரும் நிரல், கோப்பு ஒரு முறையில் வரிசையாகி, ஒப்பீடு இன்னொரு முறையில் நடந்தால், பொருந்த வேண்டிய ரெக்கார்டுகளைத் தாண்டிப்போய் "கண்டுபிடிக்கவில்லை" என்று எழுதிவைக்கும். சாவியில் எழுத்தும் இலக்கமும் கலந்திருந்தால் மட்டுமே இது தெரியும். வெறும் எண் சாவி கொண்ட சோதனைத் தரவில் எல்லாம் சரியாக ஓடும்.

பேட்ச் சூழலைப் பற்றி. ஜேசிஎல்லின் கண்ட் அளவுரு எல்லோரையும் ஒருமுறையாவது ஏமாற்றும், ஏனென்றால் அது தலைகீழ்: "4, எல்டி" என்றால் 4 என்பது முந்தைய படியின் திரும்பு எண்ணைவிட (முடியும்போது நிரல் தரும் நிலை எண்) சிறியதாக இருந்தால் இந்தப் படியைத் தவிர்த்துவிடு. அதாவது 0 அல்லது 4 வந்தால் ஓடு, 8 வந்தால் ஓடாதே. மெயின்ஃப்ரேமில் 4 வெறும் எச்சரிக்கை. இதை லினக்ஸ் ஷெல்லுக்கு மாற்றும்போது பூஜ்யம் அல்லாத எதுவும் தோல்வி. தினமும் 4 தந்து நலமாக ஓடிய வேலை முதல் இரவிலேயே நின்றுவிடும். பதற்றத்தில் யாராவது திரும்பு எண்ணையே புறக்கணிக்கும்படி செய்துவிட்டால், உண்மையான 8 வரும் நாளில் பாதிக் கோப்பை வைத்து அடுத்த படி ஓடும். தலைமுறைக் கோப்புகளையும் (ஒவ்வொரு ரன்னுக்கும் புதுப் பதிப்பு சேரும் கோப்புகள்) கவனியுங்கள். கூட்டல் 1 என்றால் புதிது, 0 என்றால் நடப்பு, கழித்தல் 1 என்றால் அதற்கு முந்தையது. ஒரே வேலைக்குள் இந்த எண்கள் வேலை முடியும்வரை நகராது. பாதியில் விழுந்த வேலையை மறுபடி தொடங்கும்போது கூட்டல் 1 எதைக் குறிக்கிறது என்பதைச் சரிபார்க்காமல் ஓட்டினால் ஒரே நாள் பரிமாற்றம் இரண்டு முறை பதிவாகும்.

துணை நிரல்களில் ஒன்று: வொர்க்கிங்-ஸ்டோரேஜ் (நிரலின் மாறிகள் இருக்கும் பகுதி) மதிப்புகள் ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே அப்படியே நிற்கும். முதல் அழைப்பில் அட்டவணையை ஏற்றி, அடுத்த அழைப்புகளில் அதையே பயன்படுத்தும் நிரல்கள் ஏராளம். ஜாவாவில் ஒவ்வொரு அழைப்புக்கும் புதுப் பொருள் உருவாக்கினால் எண்ணிகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே பொருளைப் பல இழைகள் பகிர்ந்தால் ஒருவர் தொகை இன்னொருவருக்குப் போகும்.

ஃபோர்ட்ரான் வேறு உலகம். அங்கே பணமில்லை, எண்கணித ஆய்வு. பிளாஸ், லாபேக் போன்ற நேரியல் இயற்கணித நூலகங்கள் ஃபோர்ட்ரானில் பிறந்தவை. பைத்தானில் அணியின் நேர்மாறைக் காண்பவரும் அந்த மரபின் மேல்தான் நிற்கிறார். பழைய ஃபோர்ட்ரான் 77 நிரலை இன்றைய ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் ஓட்டும்போது முதலில் பார்க்க வேண்டியது மறைமுக வகை: ஐ முதல் என் வரை தொடங்கும் பெயர் முழு எண், மற்றவை மெய்யெண். அறிவிக்காமலே மாறி உருவாகும் என்பதால் எழுத்துப்பிழை ஒவ்வொன்றும் புது மாறி. நிலையான வடிவத்தில் இடைவெளிக்கும் மதிப்பில்லை. டூ 10 ஐ = 1,10 என்பது சுழற்சி; காற்புள்ளிக்குப் பதில் புள்ளி விழுந்தால் டூ10ஐ என்ற மாறிக்கு 1.10 என்று மதிப்பு கொடுத்துவிட்டு நிரல் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துணை நிரலிலும் இம்ப்ளிசிட் நன் (அறிவிக்காத மாறி கூடாது என்ற கட்டளை) சேர்த்து, வரும் பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பதுதான் முதல் வாரத்தின் வேலை.

இரண்டாவது, உள்ளூர் மாறிகள். பழைய கம்பைலர்கள் பல அவற்றை நிலையான இடத்தில் வைத்தன, மதிப்பு அழைப்புகளுக்கிடையே தங்கியது. நிரல் அதை நம்பியிருக்கும், சேவ் என்று எழுதியிருக்காது. இன்று அடுக்கில் (ஸ்டாக்) வைப்பதால் குப்பை மதிப்பு வரும். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்ற தேர்வோடு கம்பைல் செய்து விடை சரியானால் காரணம் அதுவே. பின்னர் எங்கே சேவ் வேண்டும் என்று தேடிப் போடுங்கள். மூன்றாவது, ஃபோர்ட்ரான் 66 காலத்துக் கம்பைலர்கள் பலவற்றில் டூ சுழற்சி குறைந்தது ஒருமுறை ஓடும். 77 தரநிலையிலிருந்து எல்லை பூஜ்யமானால் ஓடவே ஓடாது. நான்காவது துல்லியம்: சிடிசி 6600 என்ற பழைய கணினியின் சொல் 60 பிட், ஒற்றைத் துல்லிய மெய்யெண்ணுக்கே சுமார் 14 இலக்கம். அங்கே எழுதிய நிரலை இன்றைய 32 பிட் மெய்யெண்ணில் ஓட்டினால் சுமார் 7 இலக்கம்தான். குவிய வேண்டிய மறுசெயல் குவியாது. எல்லா மெய்யெண்ணையும் 8 பைட்டாக்கும் தேர்வு உண்டு. ஆனால் காமன் பிளாக்கிலும் ஈக்விவலன்ஸிலும் முழு எண்ணோடு இடம் பகிரும் மாறிகள் இருந்தால் அமைப்பு குலையும். ஐந்தாவதாக, ஜிஃபோர்ட்ரான் 10-இலிருந்து வாத வகைப் பொருத்தமின்மை பிழையாக நிறுத்தப்படுகிறது. அதை எச்சரிக்கையாக இறக்கும் தேர்வு இருக்கிறது; தற்காலிகமாக மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் அந்தப் பட்டியலில் உண்மையான பிழைகளும் இருக்கும்.

விபி6-இல் சுருக்கமாக. இன்டிஜர் அங்கே 16 பிட், அதற்குப் பின் வந்த மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் 32 பிட். பைனரி கோப்பில் ரெக்கார்டாக எழுதியிருந்தால் நீளமே மாறிவிடும், ஆகவே ஷார்ட் என்று மாற்றுங்கள். கரன்ஸி வகை 10000-ஆல் பெருக்கி வைத்த 64 பிட் முழு எண், டெசிமலுக்குப் போங்கள். ரவுண்ட் செயற்பாடு 2.5-ஐ 2 ஆக்கும், ஃபார்மட் செயற்பாடு அதே 2.5-ஐ 3 என்று அச்சிடும். திரைக்கும் கோப்புக்கும் இடையே வித்தியாசம் வந்தால் இதைப் பாருங்கள். ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ) இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பிழை விழுங்கப்படுகிறது என்று பதிவெழுத வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மொழியான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கும் ஆதரவு 2015-இல் முடிந்தது. அதன் கோப்பு 2 ஜிபியில் நின்றுவிடும். நீண்ட உரைகளை வைக்கும் மெமோ கோப்பும் அப்படியே. பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3-இல் 3.5. பைத்தான் 2 நிரலை 3-க்குத் தானாக மாற்றித் தந்த நூலகம் பைத்தான் 3.13-இல் நீக்கப்பட்டுவிட்டதால், மாற்ற வேண்டியிருந்தால் அதற்கு முந்தைய பதிப்பொன்றைக் கையில் வைத்திருங்கள்.

தேதி எல்லா மொழிக்கும் பொது. 2000-க்கு முன் பல இடங்களில் ஆண்டை நான்கு இலக்கமாக்காமல் சாளரம் வைத்தார்கள்: 00 முதல் 49 வரை 2000-கள், 50 முதல் 99 வரை 1900-கள். அந்த எல்லை எண் நிரலுக்கு நிரல் வேறு. ஒரே புலத்தை இரண்டு நிரல் இரண்டு எல்லையோடு படிப்பதைத் தேடுங்கள். "என்றும் காலாவதியாகாது" என்பதற்கு 991231 என்று எழுதியிருப்பார்கள். அதை உண்மைத் தேதியாக மாற்றினால் எல்லாம் 1999-லேயே காலாவதியாகும். 4-ஆல் வகுபட்டால் நெட்டாண்டு என்ற எளிய சோதனை 2000-இல் தப்பித்தது, 2100-இல் தப்பாது. 32 பிட்டில் நொடி எண்ணும் நிரல்களுக்கு எல்லை 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 03:14:07. ஆனால் 30 ஆண்டுத் தவணையைக் கணக்கிடும் நிரலுக்கு அந்த நாள் 2008-லேயே வந்துவிட்டது.

இப்போது தொடங்கும் முறை. முதலில், இருக்கும் மூல நிரலிலிருந்துதான் இன்று ஓடும் நிரல் உருவானதா என்று உறுதிசெய்யுங்கள். அதே கம்பைலர், அதே தேர்வுகள், அதே காப்பிபுக்குகளோடு மறுபடி கட்டி, பழைய உள்ளீட்டைக் கொடுத்து வெளியீட்டை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் வேறு எதுவும் செய்யாதீர்கள். காணாமல் போன பதிப்பைத் தேடுவதே வேலை. பொருந்தினால், உள்ளீடு வெளியீடு ஜோடிகளைச் சேருங்கள்: ஒரு சாதாரண நாள், ஒரு மாத இறுதி, ஒரு ஆண்டு இறுதி, ஒரு பிப்ரவரி 29. ஓடிய நேரம், பக்கத் தேதி போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைப் பைட் பைட்டாக ஒப்பிடும் சிறு கருவி எழுதுங்கள். வித்தியாசத்தை "கிட்டத்தட்ட சரி" என்று விடவேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். பழைய நிரலில் பிழை கண்டால் புதியதிலும் அதே பிழையை முதலில் அப்படியே கொண்டுவாருங்கள். ஒப்பீடு முழுதாகப் பொருந்திய பிறகு, தனி மாற்றமாக, சம்பந்தப்பட்டவர் ஒப்புதலோடு அதைத் திருத்துங்கள். இரண்டையும் கலந்தால் எந்த வித்தியாசம் திருத்தத்தால், எது தவறால் என்று பிரிக்க முடியாது.

கோபோல் நிரலின் எந்தப் பாராகிராஃபுகள் ஓடவே இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள், ஆனால் முழு ஓராண்டு கழியும்வரை எதையும் செத்த நிரல் என்று நீக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் பாராகிராஃப் இருக்கும். ஃபால்-த்ரூ வழியாக, பெர்ஃபார்ம் கட்டளையால் யாரும் அழைக்காமலே மேலிருந்து வழிந்து ஓடும் பாராகிராஃபும் இருக்கும். பெயரைத் தேடி "யாரும் அழைக்கவில்லை" என்று முடிவுகட்டினால் தவறு.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஓரத்திலிருந்து வாருங்கள். தரவைப் படித்து அச்சிடும் அறிக்கைகள் முதலில். தவறினால் பழையதை மறுபடி ஓட்டலாம். பின்னர் உள்ளீட்டுச் சரிபார்ப்பு. பிறகு திரைகள். இருப்பை மாற்றி எழுதும் பதிவு நிரல் கடைசியில், பழையதும் புதியதும் குறைந்தது ஒரு மாத இறுதியையும் ஒரு காலாண்டு இறுதியையும் பக்கம்பக்கமாக ஓடிய பிறகு. பழைய மொழி தெரிந்தவர் குழுவில் கடைசி நாள்வரை இருக்க வேண்டும். ஒப்பீட்டில் வரும் வித்தியாசங்களில் பெரும்பகுதி வெட்டு, குறி, வரிசை, தேதிச் சாளரம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அதை ஹெக்ஸ் டம்ப்பைப் பார்த்தே சொல்லக்கூடியவர் அவர்தான்.